கழுத்து நம்பர்

திருட்டு வண்டி என்று பிரேக் இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை, திருட்டு வண்டியாக இருக்கலாம் என்றுதான் சொன்னார், ஆனால் சொல்லும்போது வண்டியைப் பார்க்காமல் ரொசாலியைப் பார்த்துச் சொன்னார், அந்தப் பார்வை இப்போது வேப்பமரத்தடியில் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போவேனா என்கிறது. இருக்கட்டும். அவளும் எழுந்து போகிறவள் இல்லை. வண்டி அங்கே மைதானத்து நடுவில் வெயிலில் நிற்கிறது, கறுப்பு மோட்டார் சைக்கிள், டாங்கியில் ஒரு சிவப்புக் கோடு, பின்னால் பெட்டி வைத்துக் கட்டுகிற இரும்புச் சட்டம். சாவி அதில் இல்லை, இன்ஸ்பெக்டர் சட்டைப் பையில் இருக்கிறது. சாவி இல்லாத வண்டியைப் பார்க்க மூக்குத்தி கழற்றின மூக்கு மாதிரி இருக்கிறது. காலையில் நன்றாகத்தானே வந்தோம். இந்த ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைத் தன் பேருக்கு மாற்றிவிட்டு அப்படியே உள்ளூர்ப் பக்கம் போய் வாளைக் கருவாட்டை விற்றுவிட்டு வீடு திரும்பலாம் என்று பெட்டியையும் கட்டிக்கொண்டு வந்தாள், அந்தப் பெட்டி இப்போது இறங்கி அவள் காலடியில் கிடக்கிறது, வெயில் ஏற ஏற அதன் மணமும் ஏறுகிறது, ஜன்னல் பக்கம் வரிசையில் நிற்கிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், ஒரு பெண்பிள்ளை துப்பட்டாவை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்கிறது. வச்சுக்கோ தாயி. ராத்திரி உங்க வீட்டுச் சட்டியில கெடந்தா மட்டும் மணக்கும். வண்டியின் ஆர்.சி. புக்கும் சரி, நம்பர் பலகையும் சரி, ரெண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டன, அதற்கப்புறம்தான் அந்த மனுசன் ஒரு துண்டுத் தாளை எடுத்து வண்டியின் கழுத்தில், ஹேண்டில்பாருக்குக் கீழே இரும்பிலேயே நம்பர் அடித்திருக்கிற இடத்தில் வைத்துப் பென்சிலால் தேய்த்தார். பிள்ளைகள் காசின் மேல் தாளை வைத்துத் தேய்க்குமே, அதேபோல. கறுப்புக்கு நடுவில் எழுத்துகள் வெள்ளை வெள்ளையாகக் கண் திறந்தன. புக்கில் இருந்தது வேறு. துணியால் துடைத்துவிட்டு இன்னொரு துண்டு வைத்துத் தேய்த்தார். அதே. "ஏம்மா, பலகை ஒரு வண்டியோடது, வண்டி வேற வண்டி. எங்க புடிச்ச இதை?" புடிச்ச என்றார். வாங்கின என்று கேட்கவில்லை. ஓடுகிற கோழியைப் பிடிக்கிற மாதிரி இவள் எங்கேயோ ஓடின வண்டியைப் பிடித்துவந்தாளாம்.

"வித்தவனை வரச் சொல்லு. நான் மீட்டிங் முடிஞ்சு வாறதுக்குள்ள ஆள் வரலேன்னா ஸ்டேஷனுக்கு எழுதி அனுப்பிருவேன்." வித்தவனுக்குப் போன் போட்டாள். பொன்னுலிங்கம், வாழைத்தார் வியாபாரி, நல்ல மனுசன் என்று ஊரே சொல்கிற மனுசன். "யம்மா, நான் குடுத்தது நல்ல வண்டி. மழையில வெயில்ல ஒரு நாள் மக்கர் பண்ணுனது கெடையாது. புக்கைக் குடுத்தேன், கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். அதுக்கு மேல நீயாச்சு ஆபீஸாச்சு, என்னை இழுக்காத" என்றார், வைத்தார், மறுபடி போட்டால் அணைத்து வைத்திருக்கிறார். நல்ல மனுசன்தான். நல்ல மனுசனெல்லாம் போனை அணைத்து வைக்கிற வரைக்கும்தான். இந்தப் பக்கம் புரோக்கர் ஞானதுரை மரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறான், வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, காதில் பேனா. "யக்கா, நான் அன்னைக்கே சொன்னேன்லா, பேரு மாத்தாதீக, சும்மா கையெழுத்து வாங்கி வச்சுக்கிட்டு ஓட்டுங்கன்னு. ஊர்ல பாதி வண்டி செத்தவன் பேர்லதான் ஓடுது. கேட்டீகளா?" கேட்கவில்லை. எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், கூடக் கருவாடு போடுகிற மிக்கேலம்மா சொன்னாள், மணி அடிக்கிற கோயில்பிள்ளை சொன்னார், கோயில் சாமியார்கூட ஓட்டுறதுக்கு எதுக்கும்மா பேரு என்றார். ஓட்டுவதற்குப் பேர் வேண்டாம். நிறுத்தி வைப்பதற்குத்தான் பேர் வேண்டும். புருசன் கஸ்பார் இருந்த காலத்தில் ஒரு மொபெட் இருந்தது, ரொசாலி கருவாடு விற்றுக் கட்டின சீட்டில் வாங்கியது, அவர் ஓட்டுவார், இவள் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பாள், அவருக்குப் பாதை தெரியாது, இவள்தான் முதுகில் தட்டித் தட்டி இடது வலது சொல்லுவாள். மஞ்சள் காமாலையில் அவர் போன பிறகு முப்பதாம் நாள் பூசைக்கு வந்த அவருடைய அண்ணன் சோறு தின்றுவிட்டுக் கையைக் கழுவிவிட்டு முற்றத்துக்குப் போய் மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். இவள் வாசலுக்கு ஓடிவந்து எங்க மச்சான் கொண்டு போறீக என்று கேட்டதற்கு, "புக்குல தம்பி பேருதானே இருக்கு. ஒம்பேரா இருக்கு?" என்றார். அவர் வாயில் சண்டை இல்லை, அதுதான் ரொசாலிக்கு இன்றைக்கும் தொண்டையில் முள். சண்டை போட்டிருந்தால் இவளும் போட்டிருப்பாள். வெயில் அடிக்குது என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போனார், புகை வந்தது, புகையில் கஸ்பார் வாடை வந்தது, அப்புறம் அதுவும் இல்லை.

அதற்கப்புறம் பஸ். பஸ் என்று நினைத்தாலே உள்ளங்கால் சுடுகிறது, ஏனென்றால் இறக்கிவிட்ட இடமெல்லாம் தார் ரோடு. "ஏ கருவாட்டம்மா, எறங்கு எறங்கு, பஸ்ஸு நாறுது." கண்டக்டர்களில் ஒருத்தன் விசில் ஊதுவான், ஒருத்தன் வாயால் சொல்லமாட்டான், பெட்டியைக் காலால் படிப் பக்கம் தள்ளுவான். சரக்கு டிக்கெட் தாறேன்யா என்றால், டிக்கெட் வாசம் அடிக்காது, நீ அடிப்ப என்பான், பஸ்ஸே சிரிக்கும். சிரித்தவர்களில் பாதிப்பேர் வீட்டு அம்மிக்கல் பக்கம் இவள் கருவாடுதான் தொங்கும், அது இவளுக்குத் தெரியும், தெரிந்து என்ன செய்ய, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த ஊர் வரைக்கும் நடக்க வேண்டியதுதான். நடந்து நடந்து ஒரு நாள் உப்பளத்து மேட்டில் நின்றுபோனாள். இனி நடக்க மாட்டேன். பெட்டியிடம்தான் சொன்னாள். மிக்கேலம்மா மருமகனின் பழைய வண்டியை இரவல் வாங்கி உப்பளத்து வரப்பில் ஓட்டிப் பழகினாள். அவன் ஒரு நாள் சொல்லிக்கொடுத்தான், மறுநாள் வரவில்லை, பயந்துவிட்டான், இவள் விழுவாள் என்றல்ல, ஊர் பேசும் என்று. தனியாகவே பழகினாள். கிளட்சு, கியர், கிளட்சு, கியர். ரெண்டு தரம் உப்புப் பாத்திக்குள் போய் விழுந்தாள், முழங்காலில் சிராய்த்த இடத்தில் உப்புத் தண்ணீர் ஏறி எரிந்த எரிச்சலில் கண்ணீர் வந்தது, ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது, பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள், "ஏட்டி ரொசாலி, கருவாட்டோட நீயும் உப்புல ஊறப் போறியா?" என்று கூவினார்கள். இந்த மைதானத்தில்தான், இதோ இந்த வெள்ளைக் கோட்டில்தான் லைசென்ஸுக்கு எட்டு போட்டாள். அன்றைக்கும் இதே மரத்தடியில் ஒரு கூட்டம் இருந்தது, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் வண்டியில் ஏறினபோது, கால் ஊன்றுவாள் பாரு, இப்ப ஊன்றுவாள் பாரு என்று வாய் பார்த்துக்கொண்டே இருந்தது. ஊன்றவில்லை. எட்டைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றாள். இப்போதும் மனசு எட்டுதான் போடுகிறது, பொன்னுலிங்கத்திடம் போகிறது, வளைகிறது, ஸ்டேஷனுக்குப் போகிறது, வளைகிறது, திரும்பப் பொன்னுலிங்கம். கால் ஊன்றாமல் சுற்றுகிறது. ஊன்ற ஒரு இடம் வேண்டும்.

"யக்கா, நான் சொல்லுறதைக் கேளுங்க." ஞானதுரை குனிந்து குரலைத் தணித்துக்கொண்டான். "பட்டறையில ஒரு பய இருக்கான். கழுத்து நம்பரை உரசிட்டு, புக்குல உள்ள நம்பரை அடிச்சிருவான். ஆண்டவனே வந்து பாத்தாலும் தெரியாது. இன்ஸ்பெக்டர் சார்ட்ட நான் பேசுதேன், நாளைக்கு வாறோம்னு சொல்லி வண்டியை எடுத்துருவோம்." ரொசாலி அவன் வெள்ளைச் செருப்பைப் பார்த்தாள். "அப்ப நானே திருடி ஆயிருவேன்லா தம்பி." "அதெல்லாம் பேச்சுக்குத்தான்க்கா." "இப்ப இருக்கலாம்னு சொல்லுதாரு. ஒரசிட்டா ஆமான்னு ஆயிரும்." அவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, பட்டாத்தான் தெரியும் உங்களுக்கு என்று முனகிவிட்டுப் போனான், கொஞ்சம் தள்ளி வேறொருவன் வண்டி டயரைக் காலால் தட்டிப்பார்க்கிறான். பட்டாத்தான் தெரியுமாம். படாதது என்ன பாக்கி. ஆனால் பயம் இல்லையா என்றால், இருக்கிறது, நண்டு ஊருகிற மாதிரி ஊருகிறது. நிசமாகவே திருட்டு வண்டியாக இருந்தால்? எங்கேயோ ஒருத்தி இதே கறுப்பு வண்டியைத் தேடிக்கொண்டு இருந்தால்? கஸ்பார் அண்ணன் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனதுபோல இதை எவனோ அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு போயிருந்தால், இவள் அதில் ஏறி ஊர் ஊராய்க் கருவாடு விற்றிருக்கிறாள். சீ. அதை நினைத்துத்தான் பயம், ஸ்டேஷனை நினைத்து இல்லை. பொன்னுலிங்கம் முகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். விற்ற அன்றைக்கு வண்டியைத் தடவிக் கொடுத்த கை அவருடையது. திருடினவன் அப்படித் தடவமாட்டான், துடைப்பான், தடவமாட்டான். "இருட்டு வேலை எதுவும் கெடையாதும்மா. நானும் எங்க அண்ணனும் ஒரே நாள்ல ஒரே கடையில சோடியா எடுத்தோம், சாமி முன்னால நிறுத்தி மாலை போட்டு வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தோம்" என்றார் அன்றைக்கு. அவர் பெண்டாட்டி செண்பகம் வாளைக் கருவாட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சிரித்தாள், இவளிடம் வழக்கமாய்க் கருவாடு வாங்குகிறவள், வண்டி விற்கப் போகிறார்கள் என்று காதில் போட்டவளும் அவள்தான். "அக்கா, ரெண்டும் எரட்டைப் புள்ளைக மாதிரி. எது இவுகளுது, எது எங்க கொழுந்தனாருது... ஐய, கொழுந்தன் இல்ல, மூத்தாரு, எது அவுகளுதுன்னு எனக்கே தெரியாது. சீட்டுக் கிழிசலை வச்சுத்தான் கண்டுபிடிப்பேன், அதுவும் இப்ப ஆன கிழிசல்தான்." சீட்டுக் கிழிசலை வச்சு. அந்தப் பேச்சில் என்னவோ மாட்டுகிறது. தூண்டில் முள் வலையில் மாட்டின மாதிரி, இழுத்தால் வரவும் இல்லை, விட்டால் போகவும் இல்லை. இன்னும் என்னவோ சொன்னார் பொன்னுலிங்கம், பலகையைக் காட்டித்தான் சொன்னார், எழுத்து எப்படிப் பளபளன்னு இருக்கு பாத்தியா என்று. ஆமாம். "வருசா வருசம் ஆயுத பூசைக்கு ரெண்டு வண்டியையும் கழுவி, பலகையைக் கழத்திப் புதுசா எழுதிருவோம்ல. சந்தனம், குங்குமம், வாழைக்கன்னு, எல்லாம் ஒண்ணுபோல இருக்கணும்." ரொசாலி ஊரில் வண்டிக்குச் சாமியார் தீர்த்தம் தெளிப்பார், அதோடு சரி, பலகையைக் கழற்றுகிற வழக்கம் எல்லாம் கிடையாது, அதனால் அதைக் காதில் வாங்கினாளே தவிர மனசில் வாங்கவில்லை.

எழுதி எங்கே வைப்பார்கள்? ஈரப் பெயிண்ட். காய வேண்டும். காம்பவுண்டுச் சுவரில் வெயில் படுகிற பக்கமாய் வரிசையாய்ச் சாத்தி வைப்பார்கள், இவள் மணலில் மீனைப் பரப்புகிற மாதிரி. மணல். மழை. போன ஐப்பசியில் கடற்கரை முழுக்கப் பாய் விரித்து எல்லாருடைய மீனும் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது, அவரவர் பாய் மூலையில் அவரவர் துணி, மிக்கேலம்மாளுக்குப் பச்சை, இவளுக்குக் கஸ்பாரின் பழைய கைலியில் கிழித்த கட்டம் போட்ட துணி. மழை மேகம் கடலுக்கு மேலே எழுந்து வருவதைப் பார்த்ததுதான் தாமதம், ஒரே ஓட்டம், ஒரே கூச்சல், மீனை வாரு, சாக்கில் போடு, துணியால் வாயைக் கட்டு, அந்தா வந்துட்டு இந்தா வந்துட்டு. வீட்டில் போய்ச் சாக்கை அவிழ்த்தால் இவளுடைய கட்டத் துணிக்குள் மிக்கேலம்மாவின் நெத்திலி இருக்கிறது, இவளுடைய வாளை பச்சைத் துணியோடு மிக்கேலம்மா வீட்டில் கிடக்கிறது. துணி மட்டும் சரியாய்க் கட்டியிருக்கிறது, உள்ளே இருக்கிற மீன் ஊர் மாறிக் கிடக்கிறது. மிக்கேலம்மா வாசலில் வந்து நின்று, "ஏட்டி கள்ளி, என் நெத்திலியைக் குடுட்டி" என்றாள், "நீ என் வாளையைக் குடுட்டி கள்ளி" என்றாள் இவள், ரெண்டு பேரும் மழையில் நின்று சிரித்த சிரிப்பில் யார் கள்ளி? ஒருத்தியும் இல்லை. அவசரம்தான் கள்ளி. ரொசாலி நிமிர்ந்து வண்டியின் நம்பர் பலகையைப் பார்த்தாள், அதுவும் ஒரு துணிதானே. பூசைக்கு நேரமாகியிருக்கும், வாழைக்கன்று வந்திருக்கும், எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில் வைத்திருப்பார்கள், பொரி கடலைக்குப் பிள்ளைகள் கையை நீட்டியிருக்கும், அண்ணன் தம்பிக்குத் திருகாணி முடுக்க ஒரு திருப்புளிதான் இருந்திருக்கும், சுவரில் காய்ந்த பலகையை எடுத்துக் கிடைத்த வண்டியில் முடுக்கியிருப்பார்கள். ஒன்றுபோல இருக்கணும் என்று எல்லாவற்றையும் ஒன்றுபோல ஆக்கினவர்களுக்கு எது எது என்று எப்படித் தெரியும்? புக்கைத் திறந்து பார்க்கிறவர் யார், அது சந்தனம் அப்பின பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும். வழியில் நிறுத்துகிற போலீசும் பலகையைப் பார்ப்பான், புக்கைப் பார்ப்பான், சரி போ என்பான். கழுத்தைத் தேய்த்துப் பார்க்கிறவர் இன்றைக்கு வரைக்கும் ஒருத்தரும் இல்லை. அப்படியானால் இந்தப் புக்குக்கு உரிய கழுத்து அந்த அண்ணன்காரர் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டிருக்கிறது, இவள் வண்டியின் புக்கு அவர் பீரோவில் கிடக்கிறது. அப்படி இல்லை என்றால்? நண்டு மறுபடி ஊர்ந்தது. அப்படித்தான் இருக்கணும் என்று அதன் தலையில் மிதித்தாள். கால் ஊன்ற இடம் கிடைத்துவிட்டது, இனி எடுக்க மாட்டேன்.

இன்ஸ்பெக்டர் மீட்டிங் முடிந்து வெளியே வந்தபோது அவள் வண்டிக்குப் பக்கத்தில், வெயிலில், பெட்டியோடு நின்றாள். "வித்தவன் வந்தாச்சா?" "வரல சார். போனை அணைச்சு வச்சிருக்காரு. நானே போயி இன்னொரு வண்டியைக் கூட்டியாறேன்." "எந்த வண்டியை?" சொன்னாள். சோடி வண்டி, ஆயுத பூசை, ஈரப் பெயிண்ட், சுவர், எல்லாம் சொன்னாள். மனசுக்குள் ஓடினபோது இருந்த பளபளப்பு வாயில் வரும்போது குறைந்துதான் போயிற்று, இருந்தாலும் முழுக்கச் சொன்னாள். ஞானதுரை ஓடிவந்து, "சார், அந்தம்மா பயத்துல பேசுது" என்றான். அவர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். "அந்த வண்டிக் கழுத்தை நீ பாத்தியா?" "பாக்கல." "பாக்காம எப்படிம்மா சொல்லுத?" "நான் கருவாடு காயப் போடுறவ சார்." அவருக்கு அது புரியவில்லை, புரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் இல்லை. மூக்கைத் தேய்த்துக்கொண்டார், பெட்டி மணத்துக்கா யோசனைக்கா தெரியவில்லை. "அங்கயும் பொருந்தலேன்னா?" ரொசாலி தலை முக்காட்டை இழுத்துச் செருகினாள். "பொருந்தலேன்னா ஸ்டேஷனுக்கு எழுதுங்க. முழுப் பேரா எழுதுங்க. மரிய ரொசாலி. அங்கயாவது எம்பேர்ல ஒண்ணு இருக்கட்டும். பொருந்துச்சுன்னா அதே பேரை இந்தப் புக்குல எழுதணும்." அவர் சிரிக்கவில்லை. "ஆபீஸ் பூட்டுறதுக்குள்ள ரெண்டு வண்டியும் இங்க நிக்கணும். ரெண்டு புக்கும். அந்த ரெண்டு ஆளும்" என்றார். "சாவியைக் குடுக்க முடியாது." "சாவி வேண்டாம். அந்தப் பென்சில் தேச்ச தாள்ல ஒண்ணைக் குடுங்க." ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தார். அதை மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு பெட்டியைத் தலையில் ஏற்றினாள். "பஸ்ஸுலயா போறீக, கருவாட்டோட?" என்று ஞானதுரை பின்னால் கேட்டான், அந்தக் கேள்வியில் நிசமான கவலைகூட இருந்தது. இவள் திரும்பவில்லை. பொன்னுலிங்கம் முகத்தைச் சுழிப்பார், அண்ணன்காரர் என் வண்டியை எதுக்கு எடுக்கணும் என்பார், சரி, உங்க வண்டிக் கழுத்தைத் தேச்சுப் பாக்குற அன்னைக்கு நீங்களும் திருடன்தான், வாங்க சேந்தே போவோம் என்று சொல்ல வேண்டியதுதான். செண்பகம் முதலில் சிரிப்பாள், அப்புறம் மூத்தார் வீட்டுக்கு அவளே கூட்டிக்கொண்டு போவாள்.

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவுடனேயே மணம் அவளுக்கு முந்தி உள்ளே போய்விட்டது, பாதி வழி வந்த கண்டக்டர் அப்படியே நின்றான், பழைய ஆள்தான், பெட்டியைக் காலால் தள்ளுகிறவன், மீசை மட்டும் வெளுத்திருக்கிறது. "ஏ கருவாட்டம்மா! ஒன்னை ரொம்ப நாளா காணோமே. மோட்டார் வாங்கிட்டேன்னு சொன்னாக, எங்க மோட்டாரு?" ஒருத்தர் ரெண்டு பேர் சிரித்தார்கள். ரொசாலி பெட்டியை இறக்கி டிரைவருக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் இருந்த ஆள் எழுந்து போனான், இடம் இன்னும் தாராளமாயிற்று. "மோட்டார் ஆபீஸுல நிக்கி" என்றாள். "அதுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான். கூட்டியாரப் போறேன்." "எறங்கும்மா, சனங்க மொணங்குறாக." "மொணங்கட்டும். போறப்ப மட்டுந்தான்யா பஸ்ஸு, வாறப்ப அந்த அண்ணன் மேல ஏறித்தான் வருவேன். எனக்கு ஒண்ணு, பெட்டிக்கு ஒண்ணு, டிக்கெட்டைக் கிழி." அவன் விசிலை வாய்க்குக் கொண்டுபோனான், அவள் முகத்தைப் பார்த்தான், விசில் வாயிலேயே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் ஊதினான், ரெண்டு விசில், நிற்கச் சொல்லி இல்லை, போகச் சொல்லி. பஸ் நகர்ந்தபோது ரொசாலி சுருக்குப் பையைத் திறந்து தாளை எடுத்து மடி பிரித்துப் பார்த்தாள், பென்சில் கரி பெருவிரலில் ஒட்டியது, சேலையில் துடைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மைதானம் போகிறது, நடுவில் அவள் வண்டி தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. "நில்லு" என்றாள் அதனிடம், பக்கத்தில் ஆள் இல்லாததால் சத்தமாகவே. "அங்கயே நில்லு. வாறேன்."